பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் சகலை பார்ப்பார். பார்ப்பதோடு விடாமல் எண்ணுவார். எண்ணி முடித்ததும், "இன்னும் ஒரு பல்லு இருந்தாத் தேவலைங்க" என்று பெருமூச்சு விடுவார்.

மாடு என்றது மாமனார் கொடுத்த புல்லட்டை. 1978 மாடல், 350. மூத்த மாப்பிள்ளை என்ற முறையில் அது அவருக்குப் போயிற்று. இளைய மாப்பிள்ளையான எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம். இதில் எனக்கு வருத்தமெல்லாம் கிடையாது. கடிகாரத்துக்குள்ளும் பல்சக்கரங்கள் இருக்கின்றன; ஒன்றைக்கூட மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இவர் தனி ஆள் இல்லை, ஒரு சாதி. கோயமுத்தூரில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். பழைய புல்லட், எஸ்டி, ஆர்எக்ஸ் 100 என்று ஏதாவது ஒன்று வாசலில் நிற்கும். "ஒரிஜினல்" என்ற சொல்லை மந்திரம்போல் சொல்வார்கள். டேங்கில் ஓடும் கோடு ஒரு நூல் தடித்துவிட்டால் பெயிண்டரோடு பேச்சுவார்த்தை முறிந்துவிடும். ஆனால் செயினும் ஸ்பிராக்கெட்டும் மட்டும் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. அங்கே மட்டும் 'அப்கிரேட்' செய்யலாம், வெளியே தெரியாதே! எஸ்டிக்காரர்கள் பாடு இதில் பரிதாபம். அந்த வண்டியில் செயின் முழுக்க மூடிய கவருக்குள் ஓடும். தங்கத்திலேயே செயின் போட்டாலும் ஊருக்குக் காட்ட வழியில்லை. ஒருவர் மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்துப் பர்ஸில் பேரன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

சகலையின் புல்லட்டில் முன் ஸ்பிராக்கெட்டுக்கு 16 பல், பின்னால் 38. இந்த இரண்டு எண்ணையும் அவரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ரசம் வருவதற்குள் சொல்லிவிடுவார். "38-ஐ 16-ல வகுத்தா 2.375. முன்னாடி 17 போட்டா 2.235. அப்படின்னா என்ன? அறுபதுல போகும்போது இஞ்சின் என்ன சத்தம் போட்டுதோ, அதே சத்தத்துல 63.75-ல போலாம்." இந்த மூன்றே முக்கால் கிலோமீட்டருக்காகத்தான் மனிதர் பிறவி எடுத்திருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு அவிநாசி ரோட்டில் வண்டி இருபதைத் தாண்டாது என்பதெல்லாம் கணக்கில் வராத பின்னம். மோர் ஊற்றுகிறவர் வருவதற்குள், 1880-இல் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் மான்செஸ்டரில் உருளைச் செயினுக்குக் காப்புரிமை வாங்கிய வரலாறும் முடிந்திருக்கும். 17 பகா எண் என்பது கடைசியில் வரும் பாயசம். பல்லின் எண்ணிக்கையும் லிங்க்கின் எண்ணிக்கையும் பொதுவான எண்ணால் வகுபடாவிட்டால், ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லிங்க்கையும் முறைவைத்துச் சந்திக்கும். தேய்மானம் சமமாக இருக்கும். உண்மைதான். ஆனால் பெண் வீட்டார் சார்பில் வந்த ஒரு பெரியவர் இலையை மடிக்கவும் முடியாமல் எழவும் முடியாமல் தவிப்பதை அவர் கவனிக்க மாட்டார்.

இந்த ஒரு பல்லை மாற்றுவது சட்டைக்குப் பொத்தான் தைப்பதுபோல என்று நினைத்திருந்தேன். பழைய நாலு கியர் புல்லட்டில் முன் ஸ்பிராக்கெட் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மூலவரைத் தரிசிக்கப் பிராகாரம் பிராகாரமாகக் கடக்க வேண்டும். இடது ஃபுட்ரெஸ்ட் கழல வேண்டும், பிரேக் பெடல் கழல வேண்டும் (அந்த வண்டியில் பிரேக் இடது காலுக்கு, கியர் வலது காலுக்கு). ஆயிலை வடிக்க வேண்டும். அப்புறம் நடுவில் ஒரே ஒரு நட்டில் நிற்கும் பெரிய மூடி. அதைத் திறந்தால் பிரைமரி செயின், ஆல்டர்னேட்டர், கிளட்ச். எல்லாம் வெளியே வந்து பழைய தினத்தந்தி மேல் வரிசையாக உட்கார்ந்த பிறகு, உள்மூடியையும் எடுத்தால், கருவறை இருட்டில் எண்ணெய் மினுக்க அது தெரியும். டார்ச் பிடிப்பது என் வேலை. தீபாராதனைத் தட்டு மாதிரி அசையாமல் பிடிக்க வேண்டும்.

முதல் தடவை மட்டும் மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏனுங்ணா, ஓடிட்டுத்தானுங்ணா இருக்குது?" என்றார்.

"ஓடுது. ஆனா 17 போட்டா..."

"ஒரு பல்லுக்கு ரெண்டு நாள் வேலைங்ணா. மூடியத் தொறந்தா, இதுவரைக்கும் ஒழுகாத எடத்துல ஒழுகும். பரவால்லீங்களா?"

பரவாயில்லை என்றார். ஒழுகிற்று. அதிலிருந்து எல்லா அறுவை சிகிச்சையும் வீட்டு வாசலில்தான்.

பின்பக்கத்துக் கதை வேறு. அந்த 38 பல்லும் பிரேக் டிரம்மோடு ஒன்றாகவே வந்தவை. பல் தேய்ந்து அரிவாள் மாதிரி வளைந்துவிட்டால் டிரம்மையே மாற்ற வேண்டும்; பல்வலி என்று போனவனுக்குத் தாடையைக் கழற்றுகிற வைத்தியம். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போடவும் கூடாது, செயினைத் தின்றுவிடும். சகலை டிரம்மைத் தூக்கிக்கொண்டு கணபதியில் ஒரு லேத்துக்குப் போனார். லேத்துக்காரர் பற்களை மொத்தமாகச் சீவி எடுத்துவிட்டு, தனியாக ஒரு பல் வளையம் செய்து போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார். எண்பது வயதுக் கிழவருக்குப் பல்செட் கட்டியதுபோல் பளபளவென்று இருந்தது. வண்டி சிரித்த மாதிரியே தோன்றிற்று எனக்கு.

செயின் விஷயத்தில் அவருக்கு ஒரு சடங்கு இருந்தது. சனி நீராடு என்பதை அவர் செயினுக்குத்தான் கடைப்பிடித்தார். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பிறகு ஒரு பழைய இரும்பு வாணலியில் கிரீஸைப் போட்டு மெல்லிய தீயில் உருக்குவார். அதில் செயினைச் சுருட்டி இறக்குவார். சூட்டில் கிரீஸ் ரோலருக்குள் புகப்புக உள்ளேயிருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியேறும். முறுக்குச் சுடுகிறவர்களுக்குத் தெரியும், எண்ணெயில் சலசலப்பு அடங்குவதுதான் பதம். இங்கேயும் அதுவேதான். அடங்கியதும் கம்பியால் தூக்கி வடியவிடுவார். திரும்ப மாட்டும்போது லாக் கிளிப்பை விரல் நுனியில் வைத்து எனக்குப் பாடம் நடக்கும். சின்ன மீன் மாதிரி இருக்கும் அது. "தலை ஓடற பக்கம், வாலு பின்னாடி. மாத்திப் போட்டீங்கன்னா மீன் நீந்திப் போயிரும் சகலை. அப்புறம் செயின் ரோட்டுல கெடக்கும்." அந்த வாணலி என் மனைவியின் அக்காவுக்குச் சீராக வந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

போன வருஷம் ஓ-ரிங் செயின் வாங்கினார். ஒவ்வொரு பின்னிலும் கிரீஸை உள்ளே வைத்து ரப்பர் வளையத்தால் மூடியிருக்கிறார்கள். பெட்ரோலில் கழுவக் கூடாது. வாணலியில் காய்ச்சினால் ரப்பர் போய்விடும். துடைத்து லேசாக எண்ணெய் காட்டினால் போதும். சாதாரணச் செயினைவிட அகலம் கொஞ்சம் கூட என்பதால் செயின் கவரில் உரசிற்று. அதைத் தட்டி நிமிர்த்த ஒரு சனிக்கிழமை போயிற்று. அடுத்த சனிக்கிழமை நான் போனபோது சகலை வாசல்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஓய்வுபெற்ற மறுநாள் தாசில்தார் முகத்தில்தான் அப்படி ஒரு வெறுமையைப் பார்த்திருக்கிறேன். நான்காவது வாரம் போனால் கிரீஸ் வாசனை தெருமுனைவரை வந்தது. ஓ-ரிங் செயின் ஷெட்டுக்குள் ஆணியில் தொங்கியது.

"நம்மூரு வெயிலுக்கு அந்த ரப்பர் ஆகாதுங்க சகலை" என்றார் வாணலியைக் கிளறிக்கொண்டே.

17-இலிருந்து 18-க்குப் போனதுதான் பேராசை. ஆடி மாதம், பொள்ளாச்சி ரோடு, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரே வந்து அறைகிறது. கணக்குப்படி 67.5-இல் போக வேண்டிய வண்டி டாப் கியரில் முக்கியது. மூன்றாவதுக்கு இறக்கினால் அலறியது. இளநீர்க் குலைகளை இரண்டு பக்கமும் கட்டிய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று எங்களை நிதானமாகத் தாண்டிப் போயிற்று. ஓட்டியவருக்குத் தன் வண்டியின் ஸ்பிராக்கெட்டில் எத்தனை பல் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரே நீண்டுபோனதால் ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை அரைகுறையாகப் பிடித்தே ஏற வேண்டியிருந்தது. ஒன்பதாவது வளைவில் கிளட்ச் கருகும் வாடை. அங்கே லோம்ஸ் வியூ என்ற இடம், கீழே ஆழியாறு அணை தெரியும். "வியூ பார்க்கலாம்" என்று நிறுத்தினார். ஒரு மணி நேரம் பார்த்தோம். பாறை மேலிருந்து ஒரு வரையாடு எங்களைப் பார்த்தது. மலையேற்றத்தைப் பற்றி அதற்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

திரும்பி வந்ததும் 18 கழன்று 17 ஏறிற்று. தீபாவளிக்கு முன்பு 17-உம் கழன்றது. "சும்மா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு" என்று பழைய 16-ஐ மாட்டினார்.

தீபாவளிக்கு மாமனார் வந்தார். எழுபத்தெட்டு வயது. விடிகாலையில் யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்தார். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தினார், டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து ஒரு இம்மி நகர்த்தினார், விட்டார், ஒரே மிதி. டக் டக் என்று தெரு முழுக்க எழுந்துகொண்டது. சகலைக்குச் சராசரி ஒன்பது மிதி. அரை மணி கழித்துப் பால் பாக்கெட்டோடு திரும்பி வந்தவர், ஸ்டாண்டு போட்டு இறங்கி, டேங்கைத் தட்டிக் கொடுத்தார். கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"நாங் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ, ஒரு மாத்தமில்லாம அப்படியே வெச்சிருக்கீங்க மாப்ள" என்றார்.

எந்த மாமனாரும் எந்த மாப்பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் கொடுத்திருக்க மாட்டார். சகலை கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். முகம் செத்துவிட்டது. நாலு வருஷம், மூன்று ஸ்பிராக்கெட், ஒரு பல்செட், ஒரு வாணலி.

மாமனார் குளிக்கப் போகும்வரை காத்திருந்தார். பிறகு ஷெட்டுக்குள் போய்ப் பெரிய ஸ்பேனரை எடுத்து வந்தார். தீபாவளி மலரிலிருந்து நாலு தாளைக் கிழித்து வண்டியடியில் விரித்தார். டார்ச்சை என் கையில் கொடுத்து, "சித்தப் புடிங்க சகலை" என்றார்.