தீப்பெட்டிக்குள்ள ஒரு தோட்டம்

வாடா பேராண்டி, வா. இப்படி இஸ்தோப்புல ஒக்காரு. கண்டியில இருந்து கலஹாவுக்கு அந்த பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி நீ வந்தது தாத்தா மொகத்தப் பாக்கத்தான்னு நம்பி, ஒன் அப்பாயி கோழியத் தொரத்திக்கிட்டுத் திரியுறா. நான் நம்பல. தீபாவளிக்கே வராத பய செவ்வாக்கெழமை வந்து நிக்குறான்னா, ஒண்ணு காசு வேணும், இல்லாட்டி பொண்ணு பாத்துட்டான். நீ ரெண்டும் சொல்லல. அக்கம் பக்கம் பாத்துட்டு ஒரு தீப்பெட்டிய எடுத்த. உள்ள பஞ்சு. பஞ்சு மேல பன்னெண்டு விதை. ஒன்னையப் பெத்தப்ப ஒங்கம்மாகூட இம்புட்டுப் பக்குவமாச் சுத்தி வைக்கல.

ஒண்ண எடுத்து வெரலுக்கு நடுவுல உருட்டிப் பாத்தேன். மோந்து பாத்தேன். திரும்ப வச்சிட்டேன். "நல்ல விதையா தாத்தா?"ன்னு குசுகுசுத்த. நல்ல விதைதான்டா. விதைமேல ஒரு குத்தமும் இல்ல.

முப்பது வருசம் தவறணையில நின்ன ஆளு, கஞ்சா விதைய எப்படி மொளைக்கப் போடுறதுன்னு தாத்தாவுக்குத் தெரியாமலா இருக்கும்னு தேடி வந்த பாரு, அந்த மரியாதைக்குச் சந்தோசம். தவறணைன்னதும் ஞாபகம் வருது. நம்ம தோட்டத்துல அது தேயிலக் கன்னு வளக்குற எடம். யாழ்ப்பாணத்துல அதே பேருக்குக் கள்ளு விக்கிற எடம்னு அர்த்தம். ஒருக்கா அங்கருந்து ஒரு வாத்தியார் நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாகி வந்தாரு. "அய்யாவுக்கு எங்க வேலை?"ன்னாரு. "பெரட்டு முடிஞ்சதுலருந்து பொழுது சாயிற வரைக்கும் தவறணையிலதாங்க"ன்னேன். அன்னையில இருந்து அந்த மனுசன் என்னையக் கண்டா குறுக்குப் பாதையில போவாரு. ரெண்டு தவறணையையும் ஒண்ணாச் சேக்குறதுக்கு இப்ப நீ வந்திருக்க.

சரி, தொழில் பேசுவோம். போன வருசம் அப்பாயி குடுத்துவிட்ட மொளகா விதை என்னாச்சு? தயிர்ச்சட்டியில மண்ண ரொப்பி, போடிங் ஜன்னல்ல வச்சி, காலையில ஒரு கோப்பை, ராவைக்கு ஒரு கோப்பைன்னு தண்ணி ஊத்துன. சட்டிக்கு அடியில ஓட்டை போட்டியா? போடல. அது தயிரு வைக்கச் செஞ்ச சட்டி, தண்ணி எங்கடா போகும்? எட்டாம் நாளு மொளைச்சிருச்சுன்னு போன்ல படம் அனுப்புன. அடுத்த வாரமே எல்லாம் படுத்துருச்சுன்னு இன்னொரு படம். பாத்தேனே. தண்டு மண்ண ஒட்டுற எடத்துல நூலாட்டம் மெலிஞ்சு, கறுத்து, மேல ரெண்டு எல மட்டும் பச்சையா சாஞ்சு கெடந்துச்சு. அது பூஞ்சணம். தண்ணி தேங்குன மண்ணு, காத்தோட்டமில்லாத மூலை, நெருக்கி நெருக்கி வெதச்ச நாத்து, இந்த மூணும் சேந்தா அது தானா வரும். ஒரு ராத்திரியில வரிசையாச் சாச்சிட்டுப் போயிரும்.

நாத்துக்குத் தாகத்த விட மூச்சுத்தான்டா முக்கியம். மண்ணுல பாதிக்குப் பாதி மணலும் மக்குன எருவும் இருக்கணும். வெதைக்கிறதுக்கு முந்தி மேடை மேல வைக்கோலப் போட்டுக் கொளுத்துவாங்க, மண்ணுல கெடக்குற பூஞ்சணம் வெந்து போகட்டும்னு. விதைய அது பருமனுக்கு ரெண்டு மடங்கு ஆழத்துல வச்சாப் போதும், பொதையல் மாதிரிப் பொதைக்க வேணாம். தண்ணிய வெரல்ல தெளிக்கணும். மொளைச்ச அன்னைக்கே வெளிச்சம் காட்டணும். இல்லாட்டி ஒன்னைய மாதிரி நெட்டையா, வெளுத்துப்போயி, காத்தடிச்சா ஆடும். தவறணையில நாங்க கெக்கில்லச் செடிய வெட்டியாந்து பந்தல் போடுவோம். வெயில் பொட்டுப் பொட்டா எறங்கும். கன்னு பலத்துக்கிட்டு வர வர, அந்தக் கெக்கில்லையக் கொஞ்சம் கொஞ்சமா உருவி எடுப்போம். ஒரே நாள்ல பந்தலப் பிரிச்சோம்னா மறுநா சாயந்தரம் எல கருகிரும். கங்காணி திட்டுறது அப்புறம், மொதல்ல கன்னே நம்மளப் பாத்துத் திட்டும்.

அந்தக் காலத்துல தேயிலையும் விதையாத்தான் வந்துச்சு. இந்தா, இந்த மலைக்கு அந்தப் பக்கம் லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் தொரை 1867ல 19 ஏக்கர்ல போட்டதும் விதைத் தேயிலைதான். அவரும் மொதல்ல பங்களா இஸ்தோப்புல வச்சித்தான் கொழுந்தக் கையால உருட்டுனாரு. அதனால இஸ்தோப்புல தொழில் தொடங்குறதுல தப்பில்ல. தேயில விதைய நாங்க தண்ணியில போடுவோம். முழுகுனது மேடைக்கு, மெதந்தது குப்பைக்கு. பேரப்புள்ளைகளுக்கும் அப்படி ஒரு தொட்டி இருந்தா நல்லா இருக்கும்.

சிரிக்காத. இப்பத்தான் விசயத்துக்கே வாரேன்.

மொளைச்சாத்தான குத்தம், சும்மா விதை வச்சிருந்தா என்னான்னு நெனைச்சித்தான தீப்பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுன? 1929ஆம் வருசத்து 17ஆம் இலக்கச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதம் எல்லாத்தையும் ஒரே கட்டாக் கட்டி வெள்ளக்காரன் எழுதி வச்சிட்டுப் போனது. அமைச்சரோட அனுமதி இல்லாம கஞ்சாச் செடிய வெதைக்கக் கூடாது, நடக் கூடாது, வளக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. அதோட நிக்கல. விதை, எல, பூவு, எதையும் கையில வச்சிருக்கவும் கூடாது. நீ மொளைக்கப் போடத் தேவையே இல்ல. பேராதனைச் சந்தியில பொலிஸ்காரன் பஸ்ஸுல ஏறி, "தம்பி, நெருப்புப் பெட்டி இருக்கா?"ன்னு கேட்டிருந்தான்னா கத முடிஞ்சிச்சு.

கண்டி டவுனுக்குள்ள இருந்த போகம்பரை ஜெயிலயும் 2014ல மூடிட்டானுங்க. ஆளுங்கள எல்லாம் பல்லேகலைக்குக் கொண்டு போயிட்டான். முன்ன மாதிரின்னா மார்க்கட்டுக்கு வந்த கையோட அப்பாயி ஒன்னைய எட்டிப் பாத்துட்டு வருவா. இப்ப அதுக்கு வேற பஸ்ஸுக்கு நிக்கணும். கெழவி முட்டி வலிக்காரி, அதையும் கொஞ்சம் யோசி.

இன்னொண்ணு. இந்தச் செடியில ஆணு வேற, பொண்ணு வேற. ஒங்க கூட்டாளிங்க தேடுறது பொண்ணு செடியோட பூவ. விதையப் பாத்து எது ஆணுன்னு ஒருத்தனாலயும் சொல்ல முடியாது. போடிங்கார அம்மாவுக்குப் பயந்து, கட்டிலுக்கடியில ஒளிச்சு, மாசக்கணக்கா சோறு தண்ணி மறந்து வளத்து, கடைசியில அது ஆணா நின்னுச்சுன்னா? ஆம்பளச் செடிக்காக ஜெயிலுக்குப் போன மொத ஆளு நீயாத்தான் இருப்ப.

"கண்டி ராசா காலத்துலயே இருந்த மருந்துதான தாத்தா"ன்னு சொல்றியா? இருந்துச்சு. யாரு இல்லன்னா? ராபர்ட் நொக்ஸ்னு ஒரு கப்பக்காரன். 1660ல திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்துல எறங்குனவன ரெண்டாம் ராஜசிங்கனோட ஆளுங்க பிடிச்சு, இந்தக் கண்டி மலைக்குள்ள பத்தொம்பது வருசம் வச்சிருந்தாங்க. உடுநுவரவுல, எலதெத்தங்குற ஊர்ல காணி வாங்கி, தொப்பி பின்னி வித்துப் பொழச்சான். தப்பிக்க வழி தேடி யாவாரி மாதிரி வடக்க நடப்பான். அங்க கொளத்துத் தண்ணி அம்புட்டு அழுக்காம், குடிச்சா கசடு தாடியில ஒட்டுமாம். காய்ச்சல் போட்டு முறுக்கிருச்சு. யாரோ சொல்லிக்குடுத்தாங்கன்னு காஞ்ச கஞ்சா எலையப் பொடியாக்கி, கருப்பட்டியோட சேத்து, காலையும் மாலையும் வெறும் வயித்துல தின்னிருக்கான். தலை சுத்துறதத் தவிர வேற ஒண்ணும் பண்ணாதுன்னு, 1681ல போட்ட புஸ்தகத்துல அவனே எழுதியிருக்கான். அவனுக்குக் காய்ச்சல். ஒனக்கு என்னா வருத்தம்? போடிங் வீட்டுல கொழாத் தண்ணி வருது.

அந்தக் கதையோட வாலு இன்னும் நல்லா இருக்கும். தப்பிச்சு லண்டனுக்குப் போன நொக்ஸ், ராபர்ட் ஹூக்குங்குற விஞ்ஞானிகிட்ட இந்தச் செடியப் பத்திச் சொன்னான். சிங்களத்துல இத கன்சாம்பாங்க, கொஞ்ச நேரத்துக்கு ஞாபகத்தையும் புத்தியையும் எடுத்துரும்னானாம். 1689 டிசம்பர்ல ஹூக்கு அத ராயல் சொசைட்டிக்குக் கொண்டு போயிப் பேசுனான். வசந்த காலம் வரட்டும், இந்த விதைய இங்க போட்டுப் பாக்கப் போறேன்னான். பாத்தியா, மூணு நூறு வருசத்துக்கு முந்தியே ஒன்னைய மாதிரி ஒருத்தன் விதையக் கையில வச்சிக்கிட்டு நின்னிருக்கான். ஆனா அந்த ஆளு சும்மா ஆளில்ல. கார்க்கத் துண்டு போட்டுப் பூதக்கண்ணாடியில பாத்து, உள்ள இருந்த குட்டிக் குட்டி அறைக்கு 'செல்'லுன்னு பேரு வச்சது அவன்தான். நீயும் ஒரு செல்லுக்குப் பேரு வாங்கித் தருவ, அது பல்லேகலையில இருக்கும்.

2022 நவம்பர்ல பட்ஜெட் வாசிக்கிறப்ப, ஏத்துமதிக்குக் கஞ்சா வளக்கலாமான்னு ஆராய்வோம்னு பாராளுமன்றத்துலயே சொன்னாங்க. ஒனக்கு அதுல ஒரு தைரியம். டேய், அது பெரிய மொதலாளிக்கு, வேலி போட்டு, காவல் வச்சி, கப்பல்ல ஏத்துறதுக்கு. வைத்தியருக்கு மருந்துக்குன்னு ஒரு வழி இருக்கு, அதுக்கும் அனுமதிக் கடுதாசி வேணும். தயிர்ச்சட்டிக்காரனப் பத்தி எந்தப் பட்ஜெட்டுலயும் ஒரு வரியும் இல்ல. நம்ம முனியாண்டிச் சாமியே வருசம் பூரா ஒரு சுருட்டோட சமாளிக்குறாரு, நீ ஏன்டா துள்ளுற?

இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. இந்தப் பன்னெண்டுக்கு எம்புட்டுக் குடுத்த? ரெண்டாயிரம் ரூவாயா! மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட, தொப்பி போட்ட ஒருத்தன், கேரளாச் சரக்குன்னு காதுல சொன்னானாக்கும். அவனக் குத்தம் சொல்ல மாட்டேன், யாவாரம் தெரிஞ்சவன். கஞ்சா விதை வழுவழுன்னு இருக்கும், மேல புள்ளி புள்ளியா, காடை முட்டையச் சின்னதாக்குன மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத, அப்பாயி காதுல விழும். நீ கொண்டாந்தது உருண்டையா, மேலருந்து கீழ வரைக்கும் கோடு கோடா இருக்கு. உருட்டுனப்பவே தெரிஞ்சிச்சு. மோந்தப்ப சந்தேகமே போயிருச்சு. இம்புட்டு நேரம் ஏன் சொல்லலையா? தீபாவளிக்கு வராத பய, விசயம் தெரிஞ்சிருந்தா அடுத்த பஸ்ஸுல ஏறியிருப்ப.

அப்பாயி தீப்பெட்டிய எடுத்துக்கிட்டுப் போயி அரமணி நேரமாச்சு. நீ பாக்கல. பன்னெண்டு பத்தாதுன்னு டப்பாவுல இருந்து ஒரு கைப்பிடி சேத்து, வறுத்து, இஞ்சி தட்டிப் போட்டு அவிச்சிட்டா. வந்ததுல இருந்து மூக்க உறிஞ்சிக்கிட்டே இருக்க, தடிமனுக்குக் கொத்தமல்லித் தண்ணிய மிஞ்சி ஒண்ணும் கெடையாது. சூடு ஆறுறதுக்குள்ள குடி. போகையில மொளகா விதை தருவா, வாங்கிக்க. இந்த மொறையாவது சட்டிக்கு அடியில ஒரு ஓட்டை போடுடா.