ஆறாவது பிள்ளை

வ. புதுப்பட்டி வட்டாரத்தில் பிள்ளை பிறந்தால் இரண்டு கிழமைகளை நினைவில் வைக்க வேண்டும். ஒன்று பிறந்த கிழமை, அது ஜோசியருக்கு. இன்னொன்று புதன்கிழமை, அது அரசாங்கத்துக்கு. பிறந்த கிழமையை மறந்தாலும் ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துத் தந்துவிடுவார். புதனைத் தவறவிட்டால் அரசாங்கத்தின் பஞ்சாங்கத்தில் அடுத்த புதன் வரைக்கும் ராகுகாலம்தான்.

தமிழ்நாடு முழுக்கப் புதன்தான் ஊசி நாள். அன்றைக்கு இந்தப் பக்கத்து அரசு சுகாதார நிலையம் எதற்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் நர்சம்மாவுக்கு மெமோ வரும். எங்களுக்கு நாற்காலி வராது.

எட்டரை மணிக்கே வாசல் நிறைந்துவிடும். பிள்ளையோடு தாய், தாயோடு மாமியார், மாமியாரோடு கூடை. உட்கார ஒரு பெஞ்சு உண்டு. முதலில் வந்த நான்கு பேர் அதில் குடியேறிவிட, மற்றவர்களுக்குப் படிக்கட்டு, படிக்கட்டும் நிறைந்தால் வேப்பமர நிழல், நிழல் நகர்ந்தால் கூடவே நகர வேண்டியது. ஒன்றரை மாதப் பச்சைமண்ணும், ஒன்றரை வயது ஓட்டக்காரனும், ஐந்து வயது முடிந்து பூஸ்டர் ஊசிக்கு வந்து ஊசியைக் கண்டதும் கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவனும் ஒரே வராந்தாவில். அதே வராந்தா வழியாகத்தான் காய்ச்சல்காரர்களும் இருமல்காரர்களும் சீட்டு வாங்கப் போக வேண்டும். கக்குவான் இருமலுக்குத் தடுப்பூசி போட வந்த பிள்ளையின் முகத்துக்கு நேராக நின்று ஒரு பெரியவர் நிதானமாக இருமிவிட்டுப் போகிறார். நோய்க்கும் ஊசிக்கும் ஒரே கியூ. அரசாங்கம் பாரபட்சம் பார்ப்பதில்லை.

பத்து மணிக்கு மேல் விசாரணை தொடங்கும்.

"எம்மா, அட்டை கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேன் சிஸ்டர்."

"பிக்மி நம்பரு? கர்ப்பத்தப் பதிஞ்சப்பக் குடுத்தது."

"அட்டையிலயே இருக்கு சிஸ்டர்."

"போன எடு. ஓடிபி வரும், பாத்துச் சொல்லு."

"போன் அவுகட்ட இருக்கு. அவுக திருப்பூர்ல இருக்காக."

"அப்ப அவுகளுக்கு ஒரு போனப் போட்டுக் கேளு."

"போன்தான் அவுகட்ட இருக்கே சிஸ்டர்."

2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் 'யு-வின்' தளத்தை நாடு முழுமைக்கும் தொடங்கி வைத்தார். வீட்டிலிருந்தபடியே ஊசிக்கு நேரம் பதிவு செய்துகொள்ளலாம், நினைவூட்டும் குறுஞ்செய்தி வரும், சான்றிதழைக் கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளலாம், அதுவும் 11 மாநில மொழிகளில். மறுக்கவில்லை, நல்ல ஏற்பாடு. நாற்காலியை மட்டும் இன்னும் பதிவிறக்க முடியவில்லை.

ஓடிபி கண்டத்தைத் தாண்டியவர்களுக்கு அடுத்த கண்டம் குப்பி. ஒன்பது மாதம் முடிந்த பிள்ளைக்குத் தட்டம்மை, ரூபெல்லா ஊசி போட வேண்டும். அந்த மருந்து 5 பேருக்கான குப்பியில் வருகிறது. தூளாக இருப்பதை நீர் கலந்து கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். காசநோய்க்கான பிசிஜி ஊசிக்கும் இதே கதைதான். ஆகவே காலையில் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தால், "இருங்கம்மா, அஞ்சு பிள்ள சேரட்டும்." ஐந்து சேர்ந்துவிட்டது, குப்பியும் திறந்தாயிற்று, மணி பன்னிரண்டரைக்கு ஆறாவதாக ஒருத்தி மூச்சிரைக்க வந்து சேர்கிறாள். மலையடிவாரத்துத் தோப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். "ஒரு பிள்ளைக்காக இன்னொரு குப்பிய ஒடைக்க முடியாதும்மா. அடுத்த புதன் வா."

இந்த ஆறாவது பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறந்து போட வேண்டும், வீணாகிறது என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. சொல்லட்டும். நிலையத்தில் பதிவேடு இருக்கிறது. வந்த குப்பி, திறந்த குப்பி, வீணான டோஸ் என்று அதில் கட்டம் கட்டமாக உண்டு. வீணான டோஸுக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வரும். வீணான நாளுக்குக் கட்டமே கிடையாது. 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். மில்லுக்கோ, தீப்பெட்டி ஆபீசுக்கோ, களையெடுப்புக்கோ போகாமல் அவள் விட்ட கூலி, துணைக்கு வந்த மாமியார் விட்ட கூலி, பஸ் காசு, அடுத்த புதன் மறுபடியும் இதெல்லாம். அரசாங்கம் மிச்சம் பிடித்த நான்கு டோஸுக்கு இந்தப் பெண்தான் விலை கொடுக்கிறாள், அதுவும் ரசீது இல்லாமல்.

கூட்டம் என்னவோ மழை மாதிரித் தானாக வந்துவிட்டதைப் போல அதிகாரிகள் பேசுவார்கள். "என்ன செய்ய, மக்கள்தொகை." பிறப்பு விகிதம் குறைந்து, பள்ளிக்கூடங்களில் பிள்ளை இல்லை என்று புலம்புகிற மாநிலத்தில் புதன்கிழமை மட்டும் மக்கள்தொகை எங்கிருந்து வெடிக்கிறது? ஒரே நாள், ஒரே இடம், ஒரே மேசை என்று வைத்தால் நாற்பது பிள்ளைகள்கூடக் கூட்டம்தான். குப்பிக்கு ஐந்து பேர் தேவை. கூட்டம் இருந்தால்தான் ஐந்து சேரும். கூட்டத்தில்தான் இருக்கிறது சிக்கனம். அதனால்தான் அதைக் கலைக்க யாருக்கும் அவசரமில்லை.

இதற்கொரு பழைய சங்கதி உண்டு. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட 4 குழந்தைகள் இறந்துபோயின. மாநிலமே பதறியது, பதற வேண்டியதுதான். அரசு கண்ட தீர்வு, ஊருக்குள் வந்து போட்டுக்கொண்டிருந்த ஊசியை நிறுத்துவது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஊசி என்று ஆயிற்று. பாதுகாப்புக்காக என்றார்கள். சரி, எல்லாப் பிள்ளைகளையும் ஓரிடத்துக்கு வரச் சொன்ன கையோடு அந்த இடத்தைப் பெரிதாக்கினார்களா, கையைக் கூட்டினார்களா? பயந்தது அரசாங்கம், நடந்தது தாய்மார்கள்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு இதைப் பதிந்து வைத்திருக்கிறது. 2005-06இல் தமிழ்நாட்டில் 12 முதல் 23 மாதக் குழந்தைகளில் எல்லா ஊசியும் முழுதாகப் போட்டுக்கொண்டவர்கள் 80.9 சதவீதம். பத்து வருடம் கழித்து, 2015-16இல், 69.7 சதவீதம். சுகாதாரத்தில் முன்னோடி என்று மேடை தோறும் மார்தட்டிய மாநிலம், பதினோரு புள்ளி பின்னால் போயிருந்தது. இந்த ஒரு முடிவுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் தூரத்தைக் கூட்டினால் வருகை குறையும் என்பதற்கு ஐ.ஏ.எஸ். படிக்க வேண்டியதில்லை, எங்கள் ஊர் மினி பஸ் கண்டக்டருக்கே தெரியும். 2019-21இல் எண் 89.2க்கு ஏறிவிட்டது. நல்லது. ஏறியது அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் பிடிவாதத்தால் என்றுதான் நான் நினைக்கிறேன். பாராட்டு விழாவிலும் அவர்களுக்கு நாற்காலி கிடைக்கவில்லை.

அரசாங்கத்துக்குத் தெரியாது, முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். போலியோ சொட்டு மருந்துக்குப் பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், கோயில் வாசல் என்று மேசை போட்டு உட்கார்ந்து, விட்டுப்போன பிள்ளையை வீடு தேடிப் போய் வாயைத் திறக்க வைத்த அரசாங்கம்தானே இது? 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்று அப்படித்தான் வந்தது. 2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஒரே நாளில் 40,000 முகாம், 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா ஊசி. தெருமுனையில் ஷாமியானா, நாற்காலி, தண்ணீர், சில ஊர்களில் பரிசுக் குலுக்கல்கூட. என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். அந்த 28 லட்சம் பேரும் வாக்காளர்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. என் பெரியம்மாவுக்கும் வருகிறது, குறை சொல்ல மாட்டேன். பெரியம்மாவைத் தேடி மருந்து வருகிற அதே தெருவிலிருந்து மருந்தைத் தேடி மூன்று மாதப் பிள்ளை போகிறது. நடக்கத் தெரியாதவனை நடக்க வைக்கும் அதிசயம்.

இன்னும் பக்கத்தில் பார்க்கலாம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கு ஜனம் லட்சக் கணக்கில் திரளும். எங்கள் கண்ணெதிரே தாணிப்பாறை அடிவாரத்தில் சிறப்புப் பேருந்து, மருத்துவ முகாம், தண்ணீர்த் தொட்டி, போலீஸ், தீயணைப்பு வண்டி, ஆட்சியரின் ஆலோசனைக் கூட்டம் எல்லாம் நடக்கும். லட்சம் பேரை மலையேற்றி இறக்கத் தெரிந்த மாவட்ட நிர்வாகத்துக்கு நாற்பது பிள்ளைகளை நிழலில் உட்கார வைக்கத் தெரியவில்லை. மலைமேல் குடியிருக்கும் சுந்தர மகாலிங்கம் செய்த புண்ணியத்தை எங்கள் பிள்ளைகள் செய்யவில்லை போலிருக்கிறது.

புண்ணியம் என்றதும் நினைவு வருகிறது. திருவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வார்தான் கண்ணனைக் கைப்பிள்ளையாக்கித் தாலாட்டு, சப்பாணி, தளர்நடை என்று பருவம் பருவமாகப் பாடினார். அந்தி நேரத்தில் பிள்ளை வெளியே நிற்கிறானே, கண்பட்டுவிடுமே என்று அவனைக் காப்பிட அழைத்தும் பாடினார். கடவுளுக்கே காப்பு வேண்டும் என்று கவலைப்பட்ட மண் இது. அதே மண்ணின் பிள்ளைக்குக் காப்பு கேட்டுப் போனால் ஓடிபி கேட்கிறார்கள். அரசு முத்திரையில் அந்த ஊர்க் கோபுரத்தைப் பொறித்துவிட்டு, கோபுர நிழலைக்கூடத் தர மறுக்கிறார்கள்.

மருந்துக்குப் பஞ்சமா என்றால், அதிலும் நாம் அள்ளிக் கொடுத்த வள்ளல்கள். கிண்டியில் பிசிஜி ஆய்வகம், குன்னூரில் பாஸ்டர் நிலையம் என்று நம் வீட்டிலேயே இருந்த இரண்டு பொதுத்துறைக் கூடங்களின் உரிமத்தை 2008 ஜனவரியில் மத்திய அரசு நிறுத்தியது. 2010இல்தான் தடை நீங்கியது. செங்கல்பட்டில் 594 கோடி ரூபாய் மதிப்பீட்டில் 2012இல் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி வளாகத்தை, கொரோனா உச்சத்தில் இருந்த 2021 மே மாதம் முதல்வர் போய்ப் பார்த்தபோதும் உற்பத்தி இல்லை. மாநிலத்திடம் குத்தகைக்காவது கொடுங்கள் என்று தில்லிக்குக் கடிதம் போனது. கட்டடத்துக்குத் தொண்டை அடைப்பான்.

இதற்கிடையில் எல்லார் வசவையும் வாங்குகிறவர் நர்சம்மா. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் அப்படிச் சுமார் 8,700 உண்டு. 2023 அக்டோபரில் கிராம சுகாதார செவிலியர் வேலைக்கு ஒரே அறிவிப்பில் 2,250 பேரைக் கேட்டார்கள் என்றால், எத்தனை நிலையங்களில் பூட்டு தொங்கியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போடுகிற கையே பதிவேடும் எழுதி, செயலியிலும் ஏற்றி, குளிர்பெட்டிக்கும் காவல் இருந்து, ஊசி போட்ட பிள்ளையை அரைமணி நேரம் கவனிக்கவும் வேண்டும். அவர் எரிந்து விழுந்தால் நானும் கோபப்படுவேன். ஆனால் அவரை அந்த மேசையில் தனியாக உட்கார வைத்தவர் மேல்தான் கூடுதலாக.

பொறுமை இழந்தவர்கள் ராஜபாளையத்துக்கோ திருவில்லிபுத்தூருக்கோ தனியார் டாக்டரிடம் போகிறார்கள். அங்கே 'காய்ச்சல் வராத ஊசி' என்று ஒன்று உண்டு, சில ஆயிரங்கள். ஏசி ஓடும், மீன் தொட்டி இருக்கும், ஆறாவது பிள்ளைக்கும் 'வாங்க கண்ணு' என்பார்கள். இங்கே இலவசமாகப் போடும் ஊசி எந்த விதத்திலும் தாழ்ந்ததில்லை. ஒரு நாள் காய்ச்சல் வந்தால் வரட்டும், போகும். ஆனால் படிக்கட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்த பெண்ணிடம் போய் அதை விளக்கிப் பாருங்கள். இலவசம் என்றாலே மட்டம் என்கிற எண்ணத்தை ஊட்டுகிறது அந்தப் படிக்கட்டு. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா முகாமின்போது வாட்சப்பில் விஷம் கக்கிய மேதாவிகளுக்கும் அதுதான் விளைநிலம். அவர்களுக்கு என் வசவு தனியாக உண்டு, இன்றைக்கு இடமில்லை.

நாங்கள் கேட்பது செங்கல்பட்டு வளாகத்தை இல்லை. வாரத்தில் இன்னொரு நாள். பிள்ளைகளுக்கென்று காய்ச்சல்காரர்கள் வராத ஒரு வாசல். உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், பால் கொடுக்க ஒரு மறைப்பு. காலியாக இருக்கும் செவிலியர் இடங்களில் ஆள். பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக: இன்று ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய பிள்ளைகள் எத்தனை?

அந்தக் கட்டம் வரும் வரைக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோபத்தில் ஊசியை விட்டுவிடாதீர்கள். தட்டம்மைக்கு உங்கள் கோபம் தெரியாது. அடுத்த புதன், ஆறாவதாகப் போய் நின்றாலும் திரும்பி வராதீர்கள். ஒரு பிள்ளைக்காகவும் குப்பியைத் திறக்கலாம், திறக்க வேண்டும் என்று அரசே எழுதி வைத்திருக்கிறது. அதைச் சத்தமாகச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால், அதை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.