ஒற்றை ஆள், ஒற்றைப் பாய்: தனியாக யோகா முகாம் செல்வோர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கல்யாணத்துக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன், ஆபீஸ் வேலையாக வெளியூர் போகிறேன் என்றால் தமிழ்க் குடும்பத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு யோகா முகாமுக்குத் தனியாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் மட்டும் வீடே எழுந்து உட்காருகிறது.

"யார்கூடப் போறே?"

"தனியாத்தான்."

"ஏன், வீட்ல என்ன குறை?"

இந்த உரையாடல் வட்டாரம், சாதி, வருமானம் எதைப் பொறுத்தும் மாறுவதில்லை. பத்து நிமிடத்துக்குள் பெரியம்மாவுக்குப் போன் போகிறது. "ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் மனஸ்தாபமா?" என்று அவர் கேட்பதோடு முதற்கட்டத் தரவு முழுமை பெறுகிறது.

மணி அடித்து எழுப்பி, தரையில் உட்காரவைத்துச் சோறு போடும் ஆசிரம முகாம்களை மட்டுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கடற்கரை விடுதிகளில் மசாஜோடு சேர்த்து விற்கப்படும் யோகா, நிதியுதவி கிடைக்காத காரணத்தால் ஆராயப்படவில்லை. தனியாகப் போகிறவர் தனிமையைத் தேடிப் போவதாக ஊரும் நம்புகிறது, அவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை செல்லுமா என்பதே ஆய்வுச் சிக்கல்.

2. சாஸ்திரச் சான்றுகள்

நூல்கள் தனியாளின் பக்கமே நிற்கின்றன. யோகி ஒதுக்குப்புறமான இடத்தில் தனியாக இருக்க வேண்டும் என்கிறது கீதையின் ஆறாம் அத்தியாயம். 15ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை, தங்குமிடத்துக்கு விவரக் குறிப்பே கொடுத்துவிடுகிறது. நல்லாட்சி நடக்கும், பிச்சை தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் ஒரு சிறு குடில் வேண்டும். வாசல் சின்னதாக இருக்க வேண்டும். ஓட்டை, பொந்து கூடாது. சாணம் மெழுகியிருக்க வேண்டும். பூச்சி இருக்கக் கூடாது. வெளியே மண்டபம், திண்ணை, கிணறு, சுற்றுச்சுவர். இன்றைய சந்தையில் இதற்கு 'ஒரு நபர் குடில்' என்று பெயர். இருவர் அறையில் ஒருவரே தங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு. வராத ஆளின் கட்டிலுக்கும் வாடகை கட்டுவது பற்றி ஸ்வாத்மாராமர் ஒன்றும் சொல்லவில்லை.

யோகத்தைக் கெடுப்பவை ஆறு என்றும் அதே நூல் பட்டியலிடுகிறது: அளவு மீறிய சாப்பாடு, அளவு மீறிய உழைப்பு, வீண்பேச்சு, விதிகளைப் பிடித்துத் தொங்குவது, ஜனங்களோடு கூடுவது, மன அலைச்சல். பெரியம்மாவுக்குப் போன் போன அந்தப் பத்து நிமிடத்திலேயே இவற்றில் மூன்று நடந்தேறிவிட்டன.

உணவுப் பகுதி தமிழர்களுக்குக் கடினமானது. புளிப்பு, உப்பு, காரம் ஆகாது. தயிர், மோர், கொள்ளு, எள், கடுகு, பூண்டு, பெருங்காயம் ஆகியவையும் விலக்கு. சூடுபண்ணிய பழையதும் கூடாது. சாம்பார், ரசம், மோர் என்ற மூன்று தூண்களும் ஒரே சுலோகத்தில் சாய்கின்றன. தமிழன் யோகத்தில் பின்தங்கியிருப்பதற்கு உடல்வளைவு காரணமல்ல, அஞ்சறைப்பெட்டியே காரணம் என்று துணிந்து கூறலாம்.

3. முன்னோடிகள்

இத்துறையில் மூத்தவர் நம்மூர்க்காரர். 1887இல் திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் பத்தாண்டு மருத்துவராக இருந்துவிட்டு, 1924இல் ரிஷிகேசம் போய்ச் சேர்ந்தவர் சுவாமி சிவானந்தர். கோரைப்பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து உலகத்தைப் பாயில் உட்காரவைக்க ஒருவர் கிளம்பியதைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. அவரும் தனியாகத்தான் போனார். ஆனால் 1936இல் அங்கே தெய்வீக வாழ்க்கைச் சங்கம் தொடங்கியாயிற்று. சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் 1978இல் திருவனந்தபுரத்தை அடுத்த நெய்யாறு அணைக்கரையில் அமைத்த ஆசிரமத்துக்குத்தான் இன்று நம்மவர்களும் பாயோடு போகிறார்கள்.

இரண்டாமவர் டி. கிருஷ்ணமாச்சாரியார். நவீன யோகாவின் தந்தை என்று போற்றப்படுபவர். இமயத்துக்கு அப்பால் ஒரு குருவிடம் பல ஆண்டுகள் தங்கிப் பயின்றார் என்றும், அந்தக் குரு தட்சிணையாகக் கேட்டது 'கல்யாணம் பண்ணிக்கொள், குழந்தை குட்டியோடு இருந்து யோகம் சொல்லிக்கொடு' என்பதுதான் என்றும் சொல்லப்படுகிறது. அதாவது இமயத்துக் குருவும் நம் பெரியம்மாவும் ஒரே கட்சி. திரும்பி வந்து குடும்பம் நடத்த அவர் பார்த்த வேலைகளில் ஒன்று காபித் தோட்ட மேற்பார்வை. ஆசிரமங்களில் காபிக்குத் தடை போட்டவர்கள் இதையும் கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயத்திலும் ஒரு முன்னோடி உண்டு. 1968இல் பீட்டில்ஸ் இசைக் குழுவினர் மகேஷ் யோகியின் ரிஷிகேச ஆசிரமத்துக்கு வந்தபோது, அவர்களில் ஒருவரான, சின்ன வயதிலேயே வயிற்றுக் கோளாறு கண்ட ரிங்கோ ஸ்டார் பெட்டி நிறைய டின் பீன்ஸ் கொண்டுவந்தார். பத்து நாள் போலத் தங்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். புளிக்காய்ச்சல் பாட்டிலைத் துண்டுக்குள் சுற்றி முகாமுக்குக் கடத்தும் நம்மவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற முன்மாதிரி இருக்கிறது.

4. களத்தில் கண்டவை

நெய்யாறு அணை ஆசிரமத்தின் நாள் விடியற்காலைச் சத்சங்கத்தோடு தொடங்குகிறது. ஆசன வகுப்பு இரண்டு வேளை. சாப்பாடும் இரண்டே வேளை, காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும். நடுவில் கர்மயோகம் என்ற பெயரில் பெருக்குவதும் துடைப்பதும் உண்டு. எதற்கும் மட்டம் போட முடியாது. மற்ற ஆசிரம முகாம்களும் ஏறக்குறைய இதே அச்சுதான். இதில் தனிமை எங்கே இருக்கிறது என்று இவ்வாய்வாளர் தேடிப் பார்த்தார். பொது அறையில் இல்லை. அங்கே குறட்டை இருந்தது. வகுப்பில் இல்லை, சவாசனத்தில் பக்கத்துப் பாய்க்காரரின் குறட்டை இருந்தது. நடைபாதையில், "எந்த ஊரு? தனியாவா வந்தீங்க?" இருந்தது. தனியாக வந்த எல்லாரும் தனியாக வந்த மற்ற எல்லாரிடமும் இதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆய்வின் திருப்புமுனை பரங்கிக்காய். கேரளத்து முகாம் ஒன்றில், ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் காய் நறுக்கும் வேலை விழுந்தது. வீட்டில் நாற்பது வருஷமாகப் பார்த்த வேலையையே இங்கே பணம் கட்டிப் பார்க்கிறீர்களே என்று கேட்கப்பட்டது. அவர் அருவாமனையை நிறுத்தவில்லை.

"என்ன காய்னு அவங்க சொல்லிட்டாங்க. எவ்வளவு பெருசுன்னும் சொல்லிட்டாங்க. நாளைக்கு என்ன சமையல்னு வந்ததிலேருந்து ஒருத்தர்கூட என்கிட்ட கேக்கல தம்பி. எனக்கு அதுவே போதும்."

அன்றைக்கு வகுப்பில் அவரால் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட முடியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

5. முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் வீழ்ந்தது. தனியாகப் போகிறவருக்கு முகாமில் தனிமை கிடைப்பதில்லை. அவர் தேடிப் போனதும் அதை அல்ல. வீட்டில் அவரைக் களைக்கவைத்தது வேலை அல்ல, ஓயாமல் முடிவெடுப்பது. எப்போது எழுவது, என்ன சமைப்பது, யாருக்குக் காரம் குறைப்பது, எந்தச் சீட்டுக்கு எப்போது பணம் கட்டுவது என்று பல வருஷமாக ஒரே தலையில் ஏறியிருந்ததை முகாமில் அடிக்கும் ஒரு மணி இறக்கி வைக்கிறது. கூட யாரையாவது அழைத்துப் போனால் இது நடக்காது. கூட வந்தவர் பஸ்ஸிலேயே "சாப்பிட என்ன வாங்கட்டும்?" என்று கேட்டுவிடுவார். தனியாகப் போவதற்கு இதைவிட வலுவான காரணம் எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை.

ஆகவே, தனியாகக் கிளம்புகிறவரைக் குடும்பத்தார் தடுக்க வேண்டாம். பெரியம்மாவுக்குத் தகவல் போனால் போதும். முகாமுக்கு அனுப்ப வசதியில்லாத வீடுகளுக்கு மாற்று ஏற்பாடு ஒன்று உண்டு. வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒரு வாரம் அடுப்படியை எடுத்துக்கொள்ளட்டும். என்ன சமையல் என்பதைத் தாங்களே முடிவு செய்யட்டும், உப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். சாப்பாடு ஆனதும் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டிக் கூப்பிட்டால் போதும். ரயில் டிக்கெட்டும் மிச்சம், வராத ஆளின் கட்டில் வாடகையும் மிச்சம்.