பிழிதலும் பிழியாமையும்: கடையநல்லூர்ச் சூழலில் கிரேக்க சாலட்

கிரேக்க சாலட்டைக் கடையநல்லூர் அடுப்படியில் செய்ய இயலுமா என்ற வினாவை அறிஞர் உலகம் இதுகாறும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தாலும் மாமிமார் அனுமதித்திருக்க மாட்டார்கள். அக்குறையைக் களைய முயல்கிறது இக்கட்டுரை.

முதற்கண் மூலபாடம். தக்காளி, வெள்ளரி, பல்லாரி (பெரிய வெங்காயம்), குடைமிளகாய், கலமாட்டா ஆலிவ். மேலே ஒரே வில்லையாக ஃபெட்டா பாலாடைக்கட்டி. அதன்மேல் உலர்ந்த ஆரிகானோ, உப்பு, ஆலிவ் எண்ணெய். லெட்டூஸ் இலை பிற்காலத்து இடைச்செருகல். மரபு, மரபு என்கிறார்களே, அதன் வயது? தக்காளியும் குடைமிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. கிரேக்கத்தில் தக்காளி வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில்தான். கி.மு. 399இல் நஞ்சருந்திய சாக்ரடீஸ் தக்காளியைக் கண்ணால் கண்டவரில்லை. நாமும் சிரிக்க வேண்டாம். நம் பச்சடியின் பச்சை மிளகாயும் கடல் கடந்து வந்ததுதான்.

இனிப் பொருள் திரட்டல். பிற ஊர்களில் ஆலிவ் எண்ணெய் என்பது மெடிக்கலில் குழந்தைக்குத் தேய்க்க வாங்கும் குட்டிப் பாட்டில். இங்கோ ஆலிவுக்குப் பெயர் ஜைத்தூன்; ஜைத்தூன் எண்ணெய் என்றால் தனி மரியாதை. குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் அத்தியின் மீதும் ஜைத்தூன் மீதும் சத்தியமிட்டே தொடங்குகிறது. சவுதி மச்சானின் பெட்டியில் டப்பா டப்பாவாக வந்து இறங்கும். புளிப்புக்குப் புளியங்குடி எலுமிச்சை பக்கத்திலேயே இருக்கிறது. ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் நம் ஓமவல்லியிலும் உண்டு என்பதால், வாசல் தொட்டியில் நாலு இலை கிள்ளினால் போதும்.

ஃபெட்டாதான் சிக்கல். 2002 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அப்பெயர் கிரேக்கத்துக்கே உரியது. குறைந்தது 70 விழுக்காடு செம்மறிப் பால், மீதி வெள்ளாட்டுப் பால், இரண்டு மாதப் பக்குவம். கடையநல்லூரில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் பணி பால் சார்ந்ததன்று. எனவே பன்னீரை எலுமிச்சை கலந்த உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு ஒப்பேற்றப்பட்டது.

ஆய்வின் உயிர்நிலை இனித்தான் வருகிறது: பல்லாரியைப் பிழிவதா, விடுவதா? பிரியாணிப் பச்சடி செய்யும் நம் மாமிமார் பிழிவார் மரபினர். மாமி பல்லாரியைப் பிறை பிறையாக நறுக்குவார், கல்லுப்பைத் தூவிப் பிசைவார், உள்ளங்கையில் அள்ளி முறுக்கிப் பிழிவார். காரத்தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகும். அதன்பிறகே தயிர். பல்லாரியின் நீரை உப்பு முன்னதாகவே இழுத்துவிடுவதால் பச்சடி நீர்த்துப் போகாது. அறிவியல் மாமி பக்கம். கிரேக்கர் பிழியார் மரபினர். காய் விடும் நீரும் எண்ணெயும் தட்டின் அடியில் கூடட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் ரொட்டியால் துடைத்துத் தின்கிறார்கள்.

களப்பரிசோதனையின்போது எதிர்ப்பு உடனே பதிவானது. “ஏட்டி, பிழியாம வச்சா ஆணமால்லா ஓடும்!” (ஆணம் என்றால் குழம்பு.)

“கிரேக்கத்துல அப்படித்தான் மாமி.”

“அங்க மாமியா இல்லையா?”

இதற்கு எந்த நூலிலும் விடை இல்லை. கடையில் வாங்கிய பரோட்டா ரொட்டியின் இடத்தில் அமர்த்தப்பட்டது. மாமி ஒரு துண்டைப் பிய்த்து, அடியில் தேங்கியிருந்ததில் தோய்த்து வாயில் போட்டார். பன்னீரை ஓரமாக ஒதுக்கினார். மறுபடி தோய்த்தார்.

“ஆணம்னு முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் பிழியச் சொல்லப்போறேன்?”