அங்கிட்டுப் போயி கிழக்க ஒடிங்க

யார் துணையும் இல்லாமல் நடந்தே மதுரையைப் பார்த்துவிடலாம் என்று முதலில் நம்பியவன் கோவலன். சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ஊர்காண் காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. கண்ணகியைக் கவுந்தி அடிகளிடம் விட்டுவிட்டு, புறஞ்சேரியிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி, கணிகையர் வீதி, மணிக் கடை, பொன் கடை, துணிக் கடை, கூலக் கடை எல்லாம் சுற்றிப் பார்த்துத் திரும்புகிறான். மாதவியை விட்டு வந்து புது வாழ்க்கை தொடங்கப்போகும் மனிதன் முதலில் கணிகையர் வீதிக்குள் ஏன் நுழைந்தான் என்று இளங்கோவடிகளும் கேட்கவில்லை, நாமும் கேட்க வேண்டாம். அன்றைக்கு ஒரு குறையும் வரவில்லை. மறுநாள் ஒரு பொற்கொல்லனிடம் வாய் கொடுத்தான். அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும், ஊரே எரிந்ததால்.

இதை என் மச்சினனிடம் சொன்னேன். அவன் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்ப்பவன். ஐரோப்பாவில் ஏழெட்டுத் தலைநகரங்களைக் காலால் அளந்தவன். கைப்பேசியில் வரைபடம், காதில் ஒரு குமிழ், முதுகில் தண்ணீர்ப் புட்டி, அவ்வளவுதானாம். காலையிலிருந்து மாலைவரை ஒரு மனிதரிடமும் பேசாமல் ஊரைப் பார்த்து முடித்துவிடலாமாம்.

"மதுரையும் தலைநகர்தானே அத்தான்? பாண்டியனுக்கு இருந்துச்சு, நாயக்கருக்கு இருந்துச்சு. அதே மாதிரி பாத்துருவோம். ஒரே கண்டிசன், யார்கிட்டயும் வழி கேக்கக் கூடாது."

கேட்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது மாப்ளே, சொல்லாமல் இருப்பது மதுரைக்காரன் கையில் அல்லவா இருக்கிறது என்றேன். அவன் குமிழை மாட்டிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை.

வரைபடத்தில் பார்த்தால் மதுரையைப்போல எளிய ஊர் கிடையாது. நடுவில் கோயில், மதிலுக்குள்ளே ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரம். ஒவ்வொரு சதுரத்துக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம். மச்சினனுக்கு ஒரே மகிழ்ச்சி, நிரல் எழுதினதுபோல இருக்கிறது என்றான். "அப்ப சித்திரைத் தேரு சித்திரை வீதியில வருமா?" என்று கேட்டான். வராது, மாசி வீதியில் வரும். மாசியில் நடந்துகொண்டிருந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார். மாதத்தை மாற்றினாரே தவிர தேரின் தடத்தை மாற்றவில்லை. அவ்வளவு பெரிய தேரை இழுத்துத் திருப்ப வேண்டியவனுக்குத்தானே தெரியும் எந்த வீதி அகலம் என்று.

ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோட்டில் கிழக்கே நடந்தோம். முதல் நிறுத்தம் மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த மாடி வீடு. 1921 செப்டம்பர் 22 அன்று சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரையாடைக்கு அவர் மாறியது இங்கேதான். கீழே இப்போது கதர்க்கடை. மச்சினன் கைப்பேசியில் படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்துவிட்டார்.

"என்னத்தப் பாக்கறீக? காந்தி வீடா? இதான். மேல ஏறிப் பாருங்க. பாத்துட்டு அங்கிட்டுப் போயி கிழக்க ஒடிங்க, கோயிலு."

"நாங்க யாரையும் கேக்கலையே" என்றான் மச்சினன் மரியாதையாக.

"கேக்கலைன்னா என்ன தம்பி, தெரியாமத்தான நிக்கிறீக" என்றார் அவர். அதற்கு யாரிடம் பதில் இருக்கிறது?

தெரியாது என்று சொல்லும் வழக்கம் மதுரையில் கிடையாது. கேட்கிற இடம் தெரியாவிட்டால், தெரிந்த வேறொரு இடத்துக்காவது அனுப்பி வைப்பார்கள். வழி சொல்லும்போது திசைதான் பேசும். சிறு பிள்ளைகூட "முக்குல தெக்க ஒடிங்க" என்றுதான் சொல்லும். மச்சினனுக்குச் சூரியன் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் தெற்கு தெரியும். அன்றைக்கு மேகமூட்டம்.

சித்திரை வீதியில் கால் வைத்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வாகனங்களை விடாமல் கல் பாவிய வீதி அது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள், மாடிக் கடைக்காரர்களை யாரால் நிறுத்த முடியும்? "சார், மேல மாடியில இருந்து பாத்தா நாலு கோபுரமும் தெரியும். ஃப்ரீ சார். வாங்கணும்னு இல்ல." இந்தக் கடைசி வாக்கியம் வந்துவிட்டால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உள்ளூர்ச் சட்டம். மச்சினன் ஏறினான். நான்கு கோபுரமும் தெரிந்தது உண்மை, எல்லாவற்றிலும் உயரமான தெற்குக் கோபுரம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஆனால் மாடியிலிருந்து இறங்கும் படி ஏறின படி இல்லை. அது காஷ்மீர்க் கம்பளம், சந்தன யானை, வெண்கல நடராசர் வழியாகத்தான் தரைக்கு வந்தது. இறங்கியபோது அவன் கையில் ஒரு யானை இருந்தது. "சின்னதுதான் அத்தான்" என்றான்.

கோயில் வாசலில் அடுத்த அடி. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்தது. அதற்குப் பிறகு கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. வரைபடம், காதுக் குமிழ், வரலாறு சொல்லும் குரல் எல்லாம் ஒரு டோக்கனாகச் சுருங்கி அவன் சட்டைப் பைக்குள் போயின. உள்ளே அவன் என்னைப் பார்த்தான், நான் தூணைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன், மீனாட்சியைக் கும்பிடத் தெரியும், எந்த மண்டபத்தை யார் கட்டினார் என்று யார் என்னைக் கேட்டார்கள்? நல்லவேளை, பூக்கட்டும் அம்மா ஒருவர் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யர் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததிலிருந்து, தன் மருமகள் போன வாரம் கோபித்துக்கொண்டு போனதுவரை, நடுவில் மூச்சு விடாமல். மல்லிகை கட்டும் விரல் ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை.

வெளியே வந்தால் புது மண்டபம். திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. பெயரில்தான் புதிது, வயது நாலு நூற்றாண்டை நெருங்குகிறது. என் இளமையில் அங்கே ஒரு தூணுக்கு ஒரு தையல் மிஷின் இருக்கும். சுவாமி சிலைக்குப் பக்கத்திலேயே பள்ளிச் சீருடை அளவெடுப்பார்கள். இப்போது கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்கள் தெளிவாகத் தெரிகின்றன, மண்டபம் நன்றாக மூச்சு விடுகிறது. ஆனாலும் தூணில் நிற்கும் நாயக்க மன்னர்கள் சட்டை தைக்க ஆளில்லாமல் நிற்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

எழுகடல் தெருவைத் தாண்டினால் ராயகோபுரம். கட்டி முடித்திருந்தால் மற்றெல்லாக் கோபுரத்தையும் குனிந்து பார்த்திருக்கும். அடித்தளத்தோடு நின்றுபோய், அண்ணாந்து பார்க்க ஆகாயம்தான் மிச்சம். இதைப் பார்த்து ஊருக்கே ஒரு ஆறுதல் உண்டு. வீடு கட்டப் பாதியில் பணம் தீர்ந்தவன் தனியாள் இல்லை.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளை வேகமாகக் கடந்தோம். கோவலன் ஞாபகம் எனக்கு இருந்தது, சந்தன யானை வாங்கின கை ஞாபகமும் இருந்தது. கீழ மாசி வீதி வேறு உலகம். பலசரக்கு மொத்த வியாபாரம். வத்தல் மூட்டை ஒன்றைக் கடந்தால் தும்மல், மல்லி மூட்டையில் அடுத்த தும்மல். பாரவண்டி தள்ளி வருபவர் "ஓரம், ஓரம்" என்று கத்துவார். அந்த வீதியில் ஓரம் என்று ஒன்று கிடையாது, அதுவும் மூட்டைதான்.

மூலையில் விளக்குத்தூண். கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. மதுரைக் கோட்டையை இடித்தவர் அவர். எப்படி இடித்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. அரசாங்கக் காசில் இடிக்கவில்லை. மதிலை உடைத்து அகழியை மூடுகிறவனுக்கு அந்த இடம் சொந்தம் என்றார். மதுரைக்காரன் காதில் 'சும்மா நிலம்' என்று விழுந்தால் கோட்டை நிற்குமா? அந்த வேலையில் இருந்த சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கு ஆளுக்கொரு வீதியாக இருக்கிறார்கள். கட்டினவனுக்குச் சிலை வைப்பது எல்லா ஊரிலும் நடக்கும். இடித்தவனுக்கு விளக்கு வைக்க ஒரு மனசு வேண்டும். அந்த விளக்கு வெளிச்சத்தில் இப்போது ஜிகர்தண்டா குடிக்கிறோம். பாதாம் பிசின், நன்னாரி, சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம். மச்சினன் இரண்டு குடித்துவிட்டு, ஐரோப்பாவைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினான்.

பக்கத்துச் சந்தில் பத்துத் தூண் நிற்கிறது. நாயக்கர் அரண்மனையின் மிச்சம். துணிக்கடைகளுக்கு நடுவே, யாரோ இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்த சாமான்போல. அங்கிருந்து திருமலை நாயக்கர் மகால். 1636இல் கட்டியது. இன்றைக்கு நாம் பார்ப்பது பழைய அரண்மனையில் கால்பங்குதான் என்கிறார்கள். பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றும்போது இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனதும் உண்டு. வீடு காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போவது நேற்று வந்த பழக்கம் இல்லை. மிச்சத்தை ஆளுநர் நேப்பியர் பழுது பார்த்தார், பிறகு நீதிமன்றம் நடந்தது, 'பம்பாய்' படத்தில் ஒரு பாட்டும் ஆனது.

மகாலுக்கு வெளியே கால் ஓய்ந்து நின்றபோது கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று வந்தது. என்னை விட்டுவிட்டு நேராக மச்சினனிடம் போனார்கள்.

"தம்பி, விளக்குத்தூண் எப்படிங்க போறது?"

அவன் காதுக் குமிழைக் கழற்றினான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"இப்பிடியே வடக்க போங்க. முக்குல பத்துத் தூணு வரும். அங்கிட்டுப் போயி…"

வாய் வடக்கு என்றது, கை தெற்கைக் காட்டியது. அவர்கள் தயங்கினார்கள். "சரி வாங்க, நானே விட்டுட்டு வரேன். அந்தத் தூணை ஏன் வச்சாங்க தெரியுமா? பிளாக்பர்னுன்னு ஒரு கலெக்டர்…" என்று கிளம்பிவிட்டான். யானை என் கையில் இருந்தது.

அரை மணி நேரம் கழித்து மனைவி போன் செய்தாள்.

"தம்பி எங்க? போன எடுக்கவே மாட்டேங்கறான்."

"கைடு வேலைக்குப் போயிட்டான்" என்றேன். "சாப்பாட்டுக்கு ரெண்டு பேரு கூட வருவாங்க. கோயம்புத்தூரு."