தன்பாத் எக்ஸ்பிரசில் சிவமூலி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கஞ்சா என்பது முதலில் ஒரு கேஸ், அப்புறம்தான் செடி. "ரொம்பத் துள்ளாதே, கஞ்சா கேஸ்ல உள்ள வெச்சிடுவாங்க" என்பதுதான் எங்கள் டீக்கடைகள் தரும் சட்டக் கல்வி. இதே சரக்குக்கு ஒரு காலத்தில் லைசென்ஸ் கடை இருந்தது, வசூலை வெள்ளைக்கார சர்க்கார் எண்ணி எடுத்துக்கொண்டது என்று சொன்னால் டீ புரையேறும்.

அதற்கும் முன்னால் சித்தர்கள். அவர்கள் மரபில் இதற்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்று பெயர். கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும். மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலில், சித்த மருத்துவத் தலைப்பின் கீழ், அது இன்னமும் அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது.

1893-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் டபிள்யூ.எஸ். கெயின் என்ற மதுவிலக்குப் பிரியருக்குக் கவலை வந்தது: இந்தியர்கள் கஞ்சா இழுத்துப் பைத்தியமாகிறார்களாமே? சர்க்கார் வழக்கம்போலக் கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். 1,193 சாட்சிகள், ஏழு தொகுதி அறிக்கை. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டைப் பிடித்து மேற்கே போனால் வரும் ஜவ்வாது மலையில் விளைந்ததைக்கூட விடாமல் விசாரித்தார்கள்.

உண்மையான கூத்து மனநோய் விடுதிகளின் பதிவேடுகளில் இருந்தது. 'நோய்க்குக் காரணம்' என்ற கட்டத்தில் கஞ்சா என்று எழுதியிருந்த ஆட்களை ஒவ்வொருவராகத் துருவினால், பலர் விஷயத்தில் ஆதாரமே இல்லை. ஆளைக் கொண்டுவந்த போலீஸ் ஏதாவது சொல்லியாக வேண்டும். குமாஸ்தா கட்டத்தை நிரப்பியாக வேண்டும். கஞ்சா கேஸ் போடும் கலை அங்கேதான் பிறந்தது என்பது என் ஆராய்ச்சி முடிவு. டாக்டர் பட்டம்தான் யாரும் தரவில்லை.

1894-ல் கமிஷன் சொன்னது: அளவோடு என்றால் பெரிய கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு, தடை வேண்டாம், வரி போடு. தடுத்தால் ஜனங்கள் சாராயத்துக்குத் தாவிவிடுவார்களோ என்றும் பயந்தார்கள். டாஸ்மாக் வாசலில் நின்று படிக்க வேண்டிய பக்கம்.

1937-ல் ராஜாஜியின் மதுவிலக்குச் சட்டம் சாராயத்தோடு கஞ்சாவையும் சேர்த்துக் கட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் போதைப்பொருள் தடுப்புத் துறைத் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கர் கஞ்சாவுக்கு எதிராக வரிச் சட்டம் கொண்டுவரவைத்தார். 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் இலைக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. மீதியை நிறுத்த 25 ஆண்டு தவணை. தவணை முடிவதற்குள் ராஜீவ் காந்தி அரசு போதைப்பொருள் சட்டத்தை 1985 நவம்பர் 14-ல் அமலாக்கியது. ஆமாம், குழந்தைகள் தினம்.

சட்டப்படி பூ நுனிதான் கஞ்சா. தனியாகக் கிடக்கும் இலை அல்ல. அதனால் காசியில் பாங்குக்கு அரசு உரிமக் கடை. 1 கிலோ வரை 'சிறு அளவு', அதிகபட்சம் ஓராண்டு சிறை. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', குறைந்தது பத்தாண்டு. ஆவடி மார்க்கெட்டில் எந்தத் தராசுக்கும் இவ்வளவு அதிகாரம் கிடையாது.

இதற்குள் பாடம் நடத்திய வாத்தியார்களே கட்சி மாறினார்கள். 2012-ல் அமெரிக்காவின் கொலராடோ, வாஷிங்டன் மாநிலங்களும், 2018-ல் கனடாவும் கதவைத் திறந்தன. எங்கள் தெருமுனையில் பொட்டலத்தோடு நின்றால் 'கஞ்சா குடிக்கி'. டொரண்டோவில் பில் போட்டு வாங்கினால் சட்டத்தை மதிக்கும் பிள்ளை. தாய்லாந்து 2022-ல் திறந்து, 2025-ல் மருத்துவர் சீட்டு கேட்டுப் பாதி சாத்தியது. 2020 டிசம்பரில் ஐ.நா. கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27-25 வாக்கில் நீக்கியது. நீக்கச் சொன்ன 27-ல் இந்தியாவும் ஒன்று. அடுத்த டிசம்பரில் தமிழகப் போலீஸ் 'கஞ்சா வேட்டை' தொடங்கியது, அப்புறம் 2.0, 3.0 என்று சினிமா போலப் பாகங்கள்.

சரக்கு வரும் வழி ஊரறிந்தது. விசாகப்பட்டினம் மலைப்பக்கம், ஒடிசா. தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸ் பெரம்பூர் தாண்டி, அம்பத்தூரையும் ஆவடியையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்பாடிக்கு ஓடும். அதில் 'கேட்பாரற்றுக் கிடந்த பை' சிக்கிய செய்தியைப் பத்திரிகைகள் தேதியை மட்டும் மாற்றிப் போடுகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம்.

பிடித்ததைக் காப்பது தனிக் கதை. சென்னையில் 2020-ல் 22 கிலோவோடு சிக்கியதாக இருவர் மீது வழக்கு; அசல் வணிக அளவு. 2023-ல் கோர்ட்டில் காட்டக் கிடைத்தது கிராம் கணக்குதான். மீதியை எலி தின்றுவிட்டது என்றது போலீஸ். இருவரும் விடுதலை. உத்தரப் பிரதேச மதுராவில் எலிகளுக்குப் பசி இன்னும் அதிகம்: 2022-ல் அவற்றின் கணக்கில் எழுதப்பட்டது 500 கிலோவுக்கு மேல்.

அந்த 1894 அறிக்கையின் தொகுதிகள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. கஞ்சாவை ஆதரித்தோ எதிர்த்தோ மைக் பிடிக்கப்போகிறவர்கள் ஒருமுறை புரட்டுங்கள். படிப்பதற்குச் சிறு அளவு, வணிக அளவு என்ற வரம்பு எதுவும் இல்லை.