ரூல்ஸ் மாமா

மொனராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கேதம் என்றால் பந்தல், வாங்கு, பிளேன்டீ, ஓமி சீட்டு, அப்புறம் ஒரு ரூல்ஸ் மாமா. முதல் நாலையும் எங்காவது இரவல் வாங்க வேண்டும். ஐந்தாவது தானே வந்துவிடும்.

மாமா ஆடமாட்டார். ஆடினால் தோற்பார் என்பது ஊருக்கே தெரியும். "நியாயம் சொல்றவன் கையில சீட்டு இருக்கக்கூடாது தம்பி" என்பது அவர் கட்சி. தோளில் துவாயோடு ஆடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

ஓமி சின்ன ஆட்டம்தான். இரண்டு முதல் ஆறு வரையுள்ள 20 சீட்டையும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் 32ஐ நாலு பேர் ஆடுவது. ஒதுக்கியவை கட்சிக்குப் பத்தாகக் கணக்குக் காய்கள். முதல் நாலு சீட்டை மட்டும் பார்த்துத் துரும்பு சொல்ல வேண்டும். ஐந்து பிடி எடுத்தால் வெற்றி. இதற்குள் சண்டை போட என்ன இருக்கிறது என்பீர்கள். விடியும்வரை இருக்கிறது.

ஒரு கேதத்தில் சீட்டுப் போட்டவர் அவசரத்தில் எட்டையும் போட்டுவிட, ஒரு பையன் துரும்பு சொல்லுமுன் ஐந்தாவதைத் தூக்கிவிட்டான்.

"பாக்கல மாமா, கைதான் பட்டுச்சு."

மாமா துவாயை உதறினார். கை பட்டதா, கண் பட்டதா? பல்ப் எந்தப் பக்கம்? அதே சீட்டை அதே உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, அவன் காதோடு காது வைத்துக் குனிந்து பார்த்தார்.

"ஆட்டின் பத்து. கண்ணுல பூ விழுந்த எனக்கே தெரியுது. கலைச்சுப் போடு!"

புதுச் சீட்டில் பிபிலையிலிருந்து வந்த சிங்களக் கூட்டாளி எட்டுப் பிடியையும் வாரிவிட்டு, "கபோதி!" என்று கத்தினார். ஓமியில் எட்டையும் எடுத்தால் அதற்குப் பெயர் அதுதான். எதிரே தடித்த கண்ணாடியோடு தோற்றுப்போயிருந்தவர் செத்தவரின் மச்சான்.

"யாரைய்யா கபோதிங்கிற?"

"அது பிடியச் சொன்னது, உங்கள இல்ல" என்று மாமா சமாதானம் செய்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "ஆனா துரும்பு சொன்னது நீங்க. ஒரு பிடிகூட எடுக்கல. பொருந்தத்தான் செய்யுது."

கொழும்பிலிருந்து வந்த மருமகன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, தான் ஆடும் 'மெஜிக்' சீட்டைப் பற்றிச் சொன்னான். அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993இல் வந்தது. சட்டமே 200 பக்கத்துக்கு மேல். தீர்ப்புச் சொல்லத் தனி நடுவர்கள். 'ஹியுமிலிட்டி' என்றொரு சீட்டு களத்திலுள்ள உயிர்கள் எல்லாவற்றின் சக்தியையும் பறிக்கும். 'ஓபலெசன்ஸ்' என்ற இன்னொன்று, அந்த ஹியுமிலிட்டியையே ஓர் உயிராக்கிவிடும். பறிக்கிறவன் சக்தியும் பறிபோனால், பறித்தது செல்லுமா?

மாமா பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார்.

"கங்காணி, 'மலையில நிக்கிற எல்லாருக்கும் அரைப்பேர், பாதிச் சம்பளந்தான்'னுட்டார். அவரும் மலையிலதானே நிக்கிறார்? அவருக்கும் அரைப்பேர்தான். ஆனா எழுதத் தொடங்கியாச்சு. கடைசி ஆள் வரைக்கும் எழுதித்தான் பேனாவ வைக்கணும்."

மருமகன் வாயைப் பிளந்தான். நடுவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுதானாம்: சக்தி போனாலும், தொடங்கிய வேலை முடியும்வரை நடக்கும்.

"அந்த நடுவருக்கெல்லாம் சம்பளம் உண்டா?"

"சில போட்டியில குடுப்பாங்க மாமா."

மாமா வெகுநேரம் பேசவில்லை. அதற்குள் அந்தப் பையன் மறுபடி ஐந்தாவது சீட்டைத் தூக்கியிருந்தான்.